முகத்தை மூடிய நிறங்கள்

அந்தப் பள்ளிக்கூட முகாமில் நம்மோடு சிறுபிள்ளைகளாக இருந்தவர்களுக்கு இப்போது மூக்குக் கண்ணாடி வந்துவிட்டது. சந்தையில் கண்டால் பிள்ளைகளின் பரீட்சை, உம்மாமாரின் முழங்கால் வலி, சீனி வருத்தம் என்று கதைத்துவிட்டுப் பிரிகிறோம். அந்த வருடத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நானும் திறந்ததில்லை. ஆனால் போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், சகன் என்ற ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நம்மில் ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "முகாமில மூளை பிசகின அந்தப் புள்ள, உங்கட மச்சி, இப்ப எங்க இரிக்கா?"

"பொத்துவில்ல" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

கேட்டவளிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அந்தப் பெயர்தான் அவளுக்குத் தெரியும். உங்களில் பலருக்கும் அதுதான் தெரியும். அந்தப் பெயர் என் மச்சிக்கு எப்படி வந்தது என்று உங்களிடம் ஒருமுறை சொல்லிவிட வேண்டும் என்று அன்று இரவு தோன்றியது.

என் உம்மாவுடன் பிறந்த ஒரே ஆண், மாமா. அவருடைய மூத்த மகள்தான் மச்சி. எனக்கும் அவளுக்கும் ஒரே வயது, ஒரே வகுப்பு. மாமியின் வீடு கடற்கரை வீதியில் இருந்தது. கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, மச்சி எங்கள் வீட்டில் இருந்தாள். முதல் நாளே வந்து தங்கியிருந்தாள். மாமா விடியப்புறமே வயலுக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டார். வீட்டில் மாமியும் சின்னவர்கள் இருவரும்தான். சின்னவர்களின் மையத்துகள் கிடைத்தன. மாமி கிடைக்கவில்லை.

எங்கள் வீட்டின் பின்சுவரும் விழுந்துவிட்டதால் நாங்களும் மாமாவும் மச்சியும் ஒன்றாக முகாமுக்குப் போனோம். ஒரு வகுப்பறையில் நான்கு குடும்பங்கள். மேசைகளை அடுக்கி, இடையில் சீலையைக் கட்டி, அதுதான் சுவர். பிளீச்சிங் பவுடர் மணம், பெரிய சட்டிகளில் வேகும் பருப்பின் மணம், வெயிலில் சூடேறிய கூடாரத் தறப்பாளின் மணம். எங்கிருந்தோ வந்த உடுப்பு மூட்டைகளில் குளிர் தேசத்துக் கம்பளிச் சட்டைகள் இருந்தன. கல்முனை வெயிலில் அவற்றைப் போட்டுக்கொண்டு பையன்கள் ஓடித் திரிந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நாம் சிரித்தோம். அந்த நாட்களிலும் சிரித்தோம்.

மாமா சிரிக்கவில்லை, அழவும் இல்லை. ஒவ்வொரு நாளும் கடற்கரைக்குப் போய் இடிபாடுகளைக் கிளறிவிட்டு வருவார். அலுமாரியின் ஒரு கதவு கிடைத்தது. கல்யாண அல்பம் கிடைக்கவில்லை. மாமியின் அடையாள அட்டையும் கிடைக்கவில்லை. மாமிக்குப் படம் எடுப்பது பிடிக்காது. என் உம்மாவிடம் தப்பியிருந்த ஒரேயொரு குடும்பப் படத்திலும் அவர் கடைசி நேரத்தில் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார். முக்காட்டின் ஓரம் மட்டும்தான் விழுந்திருந்தது. அந்தப் படத்தை உம்மா மாமாவிடம் காட்டினார். மாமா அதை வாங்கி, பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அங்கே முகம் இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

சில கிழமைகள் கழித்து, கொழும்பிலிருந்து ஒரு மிஸ் வந்தார். அவரோடு ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் வந்தார். பிள்ளைகளைப் படம் கீறச் சொன்னால் மனதில் உள்ளது வெளியே வரும் என்று மிஸ் பெரியவர்களுக்கு விளங்கப்படுத்தினார். நமக்கு அது ஒன்றும் விளங்கவில்லை. ஆளுக்கொரு கலர்ப் பெட்டி கிடைத்ததுதான் பெரிது. மெழுகுக் கலர். புதுப் பெட்டியைத் திறந்ததும் வந்த மணம் இப்போதும் என் மூக்கில் நிற்கிறது.

நாம் எல்லோரும் அலை கீறினோம். நீல அலை, கறுப்பு அலை, தென்னை மரத்துக்கு மேலே நிற்கும் அலை. மச்சி மட்டும் வீட்டைக் கீறினாள். மூலையில் துரு ஏறிய தகர வாசற்படலை, கிணறு, முருங்கை மரம், கொடியில் தொங்கும் சின்னவர்களின் பள்ளிக் காற்சட்டைகள். கொடிக்குப் பக்கத்தில் ஒரு கையை உயர்த்தியபடி மாமி. யாரோ கூப்பிட்டதும் திரும்பியதுபோல, முகம் எங்களைப் பார்த்தபடி இருந்தது.

அவளுக்குப் படம் கீற வரும் என்று எங்களுக்கு முன்பே தெரியும். ஆனால் இப்படி வரும் என்று தெரியாது. என் உம்மா அதைக் கண்டதும் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டார்.

"உசிரோட நிக்கிறா" என்றார்.

மிஸ்ஸும் நெடுநேரம் பார்த்தார். "எவ்வளவு வடிவா, எவ்வளவு ஒழுங்காக் கீறியிருக்கு இந்தப் பிள்ளை" என்று மச்சியின் தலையைத் தடவினார். "இந்தப் பிள்ளையைப் பற்றி நாங்க கவலைப்படத் தேவையில்லை." நல்ல படங்களைத் தெரிந்தெடுத்து, நாங்கள் இருந்த வகுப்பறையின் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார். நடுவில் மச்சியின் படம். இன்றைக்கு என்றால் ஆளுக்கொரு போன் இருக்கிறது. அன்று அதை ஒருவரும் போட்டோ எடுக்கவில்லை.

மிஸ் போன பிறகுதான் பெண்கள் வரத் தொடங்கினார்கள். பக்கத்து அறைகளிலிருந்தும், வெளியே கூடாரங்களிலிருந்தும், மாமியைத் தெரிந்தவர்கள் எல்லோரும் வந்தார்கள். பார்த்து அழுதார்கள். மாமியோடு கோபமாக இருந்த ஒரு பெண் படத்துக்கு முன்னால் நின்று, "நான் கதைச்சதுக்கு மாப்புத் தாங்க" என்று கேட்டாள். மாமியைத் தெரியாதவர்களும் வந்தார்கள். அவர்களுக்கும் அழுவதற்கு ஒரு முகம் தேவைப்பட்டது. மாமா மட்டும் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் படுப்பார். ஆனால் பெண்கள் எல்லோரும் போன பிறகு, மெல்லத் திரும்பிப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன்.

ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு மௌலவி வந்தார். அவரைப் பற்றித் தவறாக எண்ணிவிடாதீர்கள். அந்த நாட்களில் எத்தனை ஜனாஸாக்களை அவர் தன் கையால் அடக்கினார் என்று உங்களுக்குத் தெரியும். ஓதி ஓதிக் குரல் கம்மிப்போயிருந்தது.

"தம்பி, நான் சத்தம் போட வரல்ல" என்றார் மாமாவிடம். "புள்ளைட கையில அல்லாஹ் ஒரு திறமையக் குடுத்திரிக்கான். வீடு இரிக்கட்டும், மரம் இரிக்கட்டும். ஆனா உருவத்த மாட்டி வெச்சி, அதுக்கு முன்னால நிண்டு அழுது மாப்புக் கேக்கிறது சரியில்ல. நாளைக்கு இது வேற எங்கயும் போய் முடியும்."

மாமா தலையை ஆட்டினார். மௌலவி போன பிறகு மச்சியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினார்.

"மகள், அந்த முகத்த மட்டும் அழிச்சிருங்க."

"ஏன் வாப்பா?"

"உருவம் தொங்குற இடத்துக்கு வானத்து மலக்குமார் வர மாட்டாங்க எண்டு சொல்றாங்க. நான் இதுக்குள்ள இருந்துதானே உம்மாவுக்கு துஆக் கேக்கிறன். கபுறும் இல்ல, போய் நிக்க ஒரு இடமும் இல்ல. இந்த துஆவும் போய்ச் சேரல்லண்டா, அவவுக்கு நான் மறுகா என்னத்தக் குடுக்கிற?"

மச்சி எழும்பினாள். சுவரிலிருந்து படத்தைக் கழற்றினாள். முதலில் அழிறப்பரால் தேய்த்தாள். மெழுகுக் கலர் அழியவில்லை. முகம் கலங்கி, அழுவதுபோல ஆனது. அதைப் பார்க்க இன்னும் பயமாக இருந்தது. பிறகு பெட்டியைத் திறந்து, மண் நிறத்தை எடுத்து முகத்தின் மேல் அழுத்திப் பூசினாள். அதற்கு மேல் செம்மஞ்சள், அதற்கு மேல் கொஞ்சம் பச்சை, திரும்பவும் மண் நிறம். கண் மறைந்தது, மூக்கு மறைந்தது. கொடிக்குப் பக்கத்தில், கை உயர்த்திய ஒரு உடம்பும் அதன் மேல் தடித்த நிறக் கட்டியும் மட்டும் மிஞ்சின. மாமா பார்த்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். நெடுநேரம் திரும்பி வரவில்லை.

மச்சி படத்தைத் திரும்பவும் சுவரில் ஒட்டினாள். அடுத்த நாளிலிருந்து பெண்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

மச்சி கீறுவதை நிறுத்தவில்லை. ஒரு மத்தியானம் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் இருந்த நிழலுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். ஒரு புதுத் தாளைக் காட்டினாள். வீடு இல்லை, மரம் இல்லை. தாள் முழுக்க அந்த மண் நிறமும் செம்மஞ்சளும்தான், ஒன்றுக்குள் ஒன்று. ஓரத்தில் மட்டும் கறுப்பு.

"இது என்னகா?" என்றேன்.

"உம்மா அப்பம் சுடேக்க நான் பக்கத்தில குந்தியிருப்பன். அடுப்பு வெளிச்சம் அவட கழுத்தில படும். அந்த நிறம்."

நான் திரும்பவும் பார்த்தேன். மாமியின் குசினியில் நானும் குந்தியிருந்திருக்கிறேன். அவள் சொன்ன பிறகு அந்தச் சூடு எனக்கும் தெரிந்தது. சொல்லாவிட்டால் தெரிந்திருக்காது; அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"முகம் கீறினாத்தானே கூடாது" என்றாள். "இதுக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்ல மாட்டாங்க."

பிறகு ஒவ்வொரு நாளும் கீறினாள். குளித்துவிட்டு வரும் மாமியின் ஈரச் சீலை ஒரு தாள். காய்ச்சல் வந்தபோது மாமி வைத்த கை ஒரு தாள். அது முழுக்க வெளிர் நீலம், நடுவில் நகத்தால் சுரண்டிய கோடுகள். மாமி கோபித்தால் ஒரு நிறம், நோன்பு திறக்கும் நேரத்தில் களைத்திருந்தால் ஒரு நிறம். மாமியின் முகம் மட்டும்தான் அந்தத் தாள்களில் இல்லை.

சனம் அவற்றைப் பார்த்து என்னென்ன சொன்னது என்று நினைத்தால் இப்போது சிரிப்பும் வருகிறது. பையன்கள் "சாணி தட்டின சுவர்" என்றார்கள். நம்மோடு இருந்த கைத்தறிக்காரர் ஒரு தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "இது சாறன் கரைக்கு நல்லா எடுக்கும், மகள். எனக்கு ஒண்டு தாங்க" என்றார். மௌலவி ஒரு நாள் குனிந்து பார்த்து, "மாஷா அல்லாஹ், பூந்தோட்டமா? இதில ஒரு குற்றமும் இல்ல. தாராளமாக் கீறுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். என் உம்மா, "நேரம் போகத்தானே வேணும், எதையாவது பூசிட்டு இரிக்கட்டும்" என்றார். மாமியின் வீட்டுப் படத்துக்கு முன்னால் தேம்பியழுத பெண்களே, மாமியே நிறைந்திருந்த இந்தத் தாள்களைக் காலால் ஒதுக்கிவிட்டுப் பாயை விரித்தார்கள்.

மச்சி எதற்கும் கவலைப்படவில்லை. அந்த நாட்களில்தான் அவள் நன்றாகச் சாப்பிட்டாள். என்னோடு கதைத்தாள். ஒருமுறை சிரித்தாள்.

மிஸ் திரும்பி வந்தபோது மாசி மாதம் இருக்கும். வயலெல்லாம் வெட்டுக்கு நின்றது. வந்ததும் மச்சியைத்தான் தேடினார். சுவரில் இருந்த வீட்டுப் படத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். முகம் இருந்த இடத்தில் நிறக் கட்டி. அவர் மற்றத் தாள்களையும் கேட்டு வாங்கினார். ஒவ்வொன்றாகத் திருப்பினார். திருப்பத் திருப்ப அவர் முகம் வாடியது.

"போன முறை எவ்வளவு வடிவா வீடு கீறினீங்க மகள். இது என்ன?"

"உம்மா."

"உம்மா எங்க நிக்கிறா?"

"இதுதான் உம்மா."

"இதில எந்த இடத்தில?"

மச்சி உள்ளங்கையால் தாள் முழுவதையும் தடவிக் காட்டினாள். "முழுக்க."

மிஸ்ஸின் கண் நிறைந்துவிட்டது. வெள்ளைக்காரப் பெண்ணிடம் ஆங்கிலத்தில் மெல்லக் கதைத்தார். எனக்குத் தாங்கவில்லை. "மிஸ், முகத்த மூடச் சொன்னாங்க. அதுக்குப் பொறகுதான் இவ இப்பிடிக் கீறுறா. இது மாமி அப்பம் சுடுற நிறம்" என்றேன். மிஸ் என் கன்னத்தைத் தொட்டார். "நீங்களும் பாவம்" என்றார். "போய் விளையாடுங்க மகள்." நான் கதவோரம் போய் நின்றுகொண்டேன்.

மாமாவைக் கூப்பிட்டு மிஸ் சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது.

"இவ்வளவு திருத்தமாக் கீறின பிள்ளை, தாயிட முகத்தையே பூசி மறைச்சிருக்கு. இப்ப உருவமே இல்லாமக் கீறுது. அதைத் தாயெண்டும் சொல்லுது. இது நல்ல அடையாளம் இல்லை. ஒரு டொக்டரிட்டக் காட்டுவம்."

அந்த இடத்தில் மாமா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முகத்தை மூடச் சொன்னது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கொழும்பிலிருந்து வந்தவர் முன்னால் கூச்சப்பட்டார் என்று நெடுங்காலம் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. ஒன்றுக்கும் மற்றதுக்கும் தொடர்பு உண்டென்று அவருக்குப் படவே இல்லை. ஏற்கெனவே மூன்று பேரைக் கொடுத்தவர், நாலாவதும் போகப்போகிறது என்று பயந்து நின்றார். "நீங்க சொல்றபடி செய்வம்" என்றார்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். குளுசை மாத்திரைகள் கொடுத்தார்கள். அந்த டொக்டரையும் குறை சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஊர் முழுக்க அழுதுகொண்டிருந்த நேரம் அது. யாருக்குத்தான் நின்று கேட்க நேரமிருந்தது? குளுசையைப் போட்டால் மச்சி படுத்துவிடுவாள். எழும்பினால் வாய் உலர்ந்திருக்கும், நடந்தால் கால் இழுபடும். பள்ளிக்கூடம் திரும்பத் தொடங்கியபோது மேசையில் தலை வைத்து நித்திரையானாள். தண்ணீர்க் குழாய் வரிசையில் பெண்கள் கதைத்ததை நான் கேட்டேன்.

"அந்தப் புள்ளைக்கு மூளை பிசகிட்டாம்."

"மவுத்தான உம்மாவத் தாளுக்குள்ள காணுதாம்."

"புள்ளைகள அங்கால விடாதங்க."

அந்தப் பெயர் அங்கேதான் பிறந்தது. உங்கள் உம்மாமாரும் அந்த வரிசையில் நின்றார்கள், என் உம்மாவும் நின்றார். அவர் அழுதார், ஆனால் இல்லை என்று சொல்லவில்லை.

குளுசை தொடங்கிய பிறகு மச்சி கலர்ப் பெட்டியைத் திறக்கவில்லை. கேட்டபோது, "நிறம் வருதில்ல மச்சி. எல்லாம் ஒண்டு போலக் கிடக்கு" என்றாள். நாங்கள் முகாமை விட்டு, தற்காலிகமாகக் கட்டித் தந்த பலகை வீட்டுக்குப் போன அன்று, உம்மா அடுப்பு மூட்டத் தாள் தேடினார். மூலையில் மச்சியின் தாள்கள் சுருட்டிக் கிடந்தன. மெழுகு பூசிய தாள் நன்றாகப் பற்றும். நான் பார்த்தபோது ஈரச் சீலையும் காய்ச்சல் கையும் எரிந்துகொண்டிருந்தன. உம்மாவுக்கு அவை பிள்ளை கிறுக்கிய தாள்கள், அவ்வளவுதான். அன்றைய தேநீரை மச்சியும் குடித்தாள். முதல் படத்தை மிஸ் ஏற்கெனவே சுருட்டி எடுத்துக்கொண்டு போயிருந்தார். அது எங்கே போனது என்று தெரியாது.

மிஸ் கடைசியாக வந்தது பலகை வீடுகளுக்கு. இரண்டு மூன்று பேரோடு வந்தார். பிள்ளைகளை மரத்தடியில் இருத்தி, "விருப்பமானதைக் கீறுங்க" என்றார். எல்லோருடைய கண்ணும் மச்சியின் தாளில்தான் இருந்தது. மாமா சற்றுத் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மச்சி மெதுவாகக் கீறினாள். கூம்புக் கூரையுள்ள ஒரு வீடு. இரண்டு யன்னல், நடுவில் கதவு. கூரையில் ஒரு புகைபோக்கி, அதிலிருந்து சுருள் சுருளாகப் புகை. வாசலில் வளைந்து போகும் பாதை. பின்னால் இரண்டு மலை, மலைகளுக்கு நடுவில் சிரிக்கும் சூரியன். நம் ஊரில் மலை ஏது? ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல். புகைபோக்கி வைத்த வீட்டை அவள் கண்ணால் கண்டதே இல்லை.

மிஸ் அவளைக் கட்டிக்கொண்டார். வந்தவர்கள் கைதட்டினார்கள். "பாருங்க, வீடு கீறிட்டா. சூரியன் கீறியிருக்கிறா. பிள்ளை குணமாயிட்டா" என்றார் மிஸ் மாமாவிடம். மாமா அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கி, அப்போதுதான் முதல்முறையாக எல்லோர் முன்னாலும் அழுதார்.

அவர்கள் போன பிறகு நான் கேட்டேன். "மச்சி, அது ஆரிட வீடு?"

"ஆருக்குத் தெரியும். புத்தகத்தில இப்பிடித்தானே இரிக்கி."

"அப்ப ஏன் கீறின?"

"இனிக் குளுசை தர மாட்டாங்க" என்றாள். கலர்ப் பெட்டியைப் பக்கத்து வீட்டுச் சின்னப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் படம் கீறி நான் காணவில்லை.

நம் பக்கத்தில் வீடு பெண்ணுடையது; கல்யாணம் முடித்த ஆண் அங்கே போய்த்தான் இருப்பார். மாமி போனதும் மாமா வீடில்லாத மனிதராகிவிட்டார். பொத்துவிலில் கணவனை இழந்த ஒரு பெண்ணை அவருக்குப் பேசினார்கள். அவர் மச்சியையும் கூட்டிக்கொண்டு போனார். போனாலும் பெயர் பின்னாலேயே போனது. இங்கிருந்து பேசிய இரண்டு கல்யாணம், "முகாமில மருந்து குடிச்ச புள்ளையாமே" என்ற ஒரு கேள்வியோடு நின்றுபோனது. கடைசியில் அங்கேயே, அறுகம்பைக் கடற்கரைக்கு வரும் வெள்ளைக்காரர்களை முச்சக்கர வண்டியில் ஏற்றி இறக்கும் ஒருவர் அவளைக் கல்யாணம் முடித்தார். நல்ல மனிதர். அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. இப்போது அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். மச்சி விடியப்புறம் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறாள். கணக்கு வழக்கு, பிள்ளைகளின் படிப்பு, எல்லாம் அவள் கையில்தான். மூளை பிசகியவள் என்று நீங்கள் சொல்லும் ஆள் அவள்தான்.

சில வருடங்களுக்கு முன்பு என் கணவரின் நெஞ்சுவலிக்காகக் கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். அங்கே உள்நுழையும் மண்டபத்தில், சுவர் அகலத்துக்கு ஒரு படம். அதற்கு மேலே தனியாக ஒரு விளக்கு. மண் நிறம், செம்மஞ்சள், ஓரத்தில் கறுப்பு. வேறு ஒன்றும் இல்லை. நான் அதற்கு முன்னால் நின்றுவிட்டேன். காவலுக்கு நின்றவர் மலையகத் தமிழர். கைபடக் கூடாது என்று சொல்ல வந்தார்.

"இது என்ன படம்?" என்று கேட்டேன்.

"ரொம்ப விலையான படங்க. பெரிய ஆள் ஒருத்தர் வரைஞ்சது."

"இதில என்ன இரிக்கி?"

அவரும் திரும்பி ஒருமுறை பார்த்தார். "ஒண்ணும் இல்லைங்க" என்றார் மரியாதையாக. "இது அப்படியான படம்."

அடுத்த நாள் விடியப்புறமே மச்சிக்குப் போன் எடுத்துச் சொன்னேன். உன்னுடையது போலவே ஒரு படம், விளக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்றேன். இடியப்ப உரல் பிழியும் சத்தம் மட்டும் கேட்டது.

"அது ஆரிட உம்மாவோ" என்றாள்.

போன வருடம் மாமாவுக்கு முடியாமல் போய்விட்டது. இரண்டாவது மனைவியும் மவுத்தாகிவிட்டதால் மகளின் வீட்டில்தான் படுத்திருந்தார். நான் பார்க்கப் போனேன். பின்னேரம், மச்சியின் மகன் தரையில் குப்புறப் படுத்துப் பள்ளிக்கூட வேலை செய்துகொண்டிருந்தான். மாமா அவனுடைய பென்சிலையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மகள்" என்றார். "தாளொண்டு எடுங்க."

"என்னத்துக்கு வாப்பா?"

"உங்கட உம்மாட முகத்த ஒருக்காக் கீறித் தாங்க."

மச்சி என்னைப் பார்த்தாள். பிறகு மகனின் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, மடியில் பலகையை வைத்து, பென்சிலை எடுத்தாள். முக்காட்டின் வளைவை ஒரே கோட்டில் இழுத்தாள். அந்தக் கோடு எவ்வளவு உறுதியாக இருந்தது. வளைவு முடிந்த இடத்தில் பென்சில் நின்றது. உள்ளே இறங்கவில்லை.

"வருதில்ல வாப்பா."

"கனகாலம் கை பழகாம இரிக்கி. மெல்ல மெல்லக் கீறுங்க."

"கை இல்ல வாப்பா. முகம் வருதில்ல. நான் மறந்திட்டன்."

மாமா கண்ணை மூடிக்கொண்டார். ஓதுகிறார் என்று நினைத்தேன். பிறகுதான் கதைத்தார்.

"எனக்கும் மறந்திட்டு மகள். எத்தினை வருசமாத் தேடுறன். கை தெரியுது, நடை தெரியுது, குரல் கேக்குது. முகம் இல்ல. உங்களிட்ட இரிக்கும் எண்டு நினைச்சன்." மூச்சு வாங்கினார். "நான்தானே மூடச் சொன்னன்."

"விடுங்க வாப்பா" என்று மச்சி அவருடைய கையைப் பிடித்தாள்.

எனக்கு நினைவிருந்தது. மாமியின் முகம் எனக்கு அப்படியே நினைவிருந்தது. ஆனால் எனக்குப் படம் கீற வராது; வாழ்நாளில் ஒரு கோடு நேராகப் போட்டதில்லை. அதனால் வாயால் சொன்னேன். அகன்ற நெற்றி, மாமா. இடது புருவத்தில் ஒரு வெட்டு. சின்னதில் கிணற்று வாளி பட்டது என்று சொல்லுவா. சிரித்தால் முதலில் ஒரு பக்க உதடு மட்டும் போகும், பிறகு யோசித்து மற்றப் பக்கமும் போகும். ஒரு கண் மற்றதைவிடக் கொஞ்சம் சின்னது. வெயிலுக்குள் நின்றால் அது முழுக்க மூடிவிடும்.

மாமா ஒவ்வொன்றுக்கும் "ஓம்… ஓம்…" என்றார். மச்சியும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். நான் சொல்லச் சொல்ல இருவருடைய கண்களையும் பார்த்தேன். ஊருக்குப் புதிதாக வந்த யாரோ ஒரு பெண்ணைப் பற்றிக் கேட்பவர்களைப்போல, அவ்வளவு கவனமாக, இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.